பவளத்தின் மூன்று சடைகள்

புதிதாக வேலையில் சேரும் தங்கைகளே,

மலாக்காவில், காஜா பெராங்கில் நாம் காய்ச்சல் வார்டு வைத்திருந்த கட்டடம் அடுத்த மாதம் மறுபடியும் பள்ளிக்கூடமாகிறது. ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள். நீங்கள் அங்கே சேருகிறீர்கள், நான் நின்றுகொள்கிறேன். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது.

இதை எழுதச் சொன்னவர் நம் டிரெஸர், டாக்டர் இல்லாத நேரத்தில் வார்டை நடத்தும் மருத்துவ உதவியாளர். "கட்டுப் போடுறதும் காய்ச்சல் பாக்குறதும் நான் சொல்லிக் குடுத்துருவேன் மிஸி. ஒனக்குத் தெரிஞ்சத நீ எழுதி வை" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. முறையாக நர்ஸ் வேலை படித்தவள் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்தவள், எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். நர்ஸை இங்கே மிஸி என்பார்கள். அந்தப் பெயர் என்னோடும் ஒட்டிக்கொண்டது. யோசித்துப் பார்த்ததில், நான் செய்த தவறுகள்தான் எனக்கு முழுதாகத் தெரியும். அதிலும் ஒரே பெண்ணின் தலையில் நான் அடுத்தடுத்துச் செய்த தவறுகளை எழுதினால் உங்களுக்குப் பயன்படலாம். படாமலும் போகலாம். எழுதிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்த காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு அரிசி கொடுத்தார்கள். என் மகள் மலருக்கு அப்போது ஒரு வயது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று அவள் வயிறு உப்பிப்போயிருந்தது. அந்த அரிசியைக் கஞ்சியாக்கிக் கொடுத்த முதல் வாரமே அவள் முகம் தெளிந்தது. அதனால் இந்த வேலை போய்விடக் கூடாது என்பது எப்போதும் என் மனதில் இருக்கும். வார்டிலிருந்து பேனையும் காய்ச்சலையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனோ என்பது இரண்டாவது பயம். மாலையில் வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே சேலையை மாற்றி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் மலரைத் தூக்குவேன். அப்படியும் அவள் தலையைச் சொறிந்தால் விளக்கடிக்குத் தூக்கிப்போய்ப் பார்ப்பேன்.

வார்டில் ஓர் உத்தரவு இருந்தது. பேன் மூலம் காய்ச்சல் பரவிவிடும் என்று, பெண்கள் பிரிவில் யாரைச் சேர்த்தாலும் முதல் நாளே தலைமுடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டுவது என் வேலை. எத்தனையோ தலைகளை வெட்டியிருக்கிறேன். அழுகிறவர்களிடம், "முடிதானே அக்கா, வளந்துரும்" என்பேன். அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவளம் வந்தது ஜப்பான் காலத்தின் மூன்றாம் வருஷம். ரப்பர் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பால் மரம் வெட்டுகிறவள், என் வயதுதான் இருக்கும். காய்ச்சலில் நினைவே இல்லை. டிரெஸர் பார்த்துவிட்டு, "மொதல்ல சூடு எறங்கட்டும். தலைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். உத்தரவு தள்ளிப்போனது அப்படித்தான்.

மறுநாள் அவள் தலையணையை மாற்றும்போதுதான் பார்த்தேன். தலையில் மூன்று சடைகள் விழுந்திருந்தன. நான் சொல்வது பின்னிய சடை இல்லை. முடி தானாகவே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் இறுகுமே, அந்தச் சடை. பிடரியில் விரல் மூன்றைச் சேர்த்தாற்போல் தடித்தது ஒன்று. இரண்டு காதுகளுக்கும் மேலே மெல்லியதாக ஒவ்வொன்று. மூன்றும் புதியவை, வேர்ப்பக்கம் இன்னும் தளர்ச்சியாக இருந்தது, நுனி பஞ்சுபோல் பிரிந்துகிடந்தது. சுற்றியிருந்த முடியெல்லாம் சாதாரணச் சிக்கு.

எனக்கு அது கவனிப்பார் இல்லாத தலை என்றுதான் பட்டது. யாருமற்ற பெண், சீவிவிட ஆள் இல்லை என்று பரிதாபப்பட்டேன். மலரின் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சத்தைச் சின்னப் புட்டியில் எடுத்துப்போனேன். அந்த நாளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்கும் தெரியும். அவள் கண் மூடிக் கிடக்கும்போதே பிடரிச் சடையில் எண்ணெயை ஊற்றி, நுனியிலிருந்து விரலால் பிரிக்கத் தொடங்கினேன். ஒரு விரற்கடை பிரிந்திருக்கும். அவள் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. காய்ச்சல்காரியின் பிடி மாதிரியே இல்லை.

"என்ன பண்றீங்க?"

"சிக்கு எடுக்குறேம்மா."

"யாரக் கேட்டு எடுக்குறீங்க?"

அவள் சடையைத் தடவிப் பார்த்தாள். எண்ணெய் கையில் ஒட்டியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நினைவில்லாதவளின் தலை என்றாலும் அது அவள் தலை. எனக்கு அது புரிய அந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது.

காய்ச்சல் இறங்கிய பிறகு அவளே சொன்னாள். அவள் கணவனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். லாரியில் ஏற்றும்போது அவள் ஓடிப்போய்ப் பார்த்தாளாம். அவன் கையில் ஒரு சட்டைகூட இல்லையாம்.

"அவரு திரும்பி வர்ற வரைக்கும் தலையில சீப்பு படாதுன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன் மிஸி. மூணு மாசத்துல தானா விழுந்துச்சு. மொதல்ல பிடரியில, அப்புறம் ரெண்டு பக்கமும். ஆத்தா கேட்டுட்டான்னு அர்த்தம். நீங்க கத்தரிய எடுத்தீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். போற வழியில செத்தாலும் சரி."

அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆனாலும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே அதே வாரம் ஒருத்தி கஞ்சி வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்து, இரண்டு நாளில் இறந்துபோனாள். உயிரைப் பிடித்து வைக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. இவளுக்கு அது அந்த மூன்று சடைகள். என் பக்கமோ உத்தரவு, அரிசி, மலர். நான் வெட்டாமல் விட்டு அது தெரியவந்தால் வேலை போகும், ஜப்பான்காரர் கையால் கன்னத்தில் அறையும் விழும். வெட்டினால் இவள் போய்விடுவாள்.

அன்று மாலை டிரெஸர் சுற்றி வரும்போது, "தலை வெட்டியாச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

பவளத்தின் தலையில் நான் ஏற்கெனவே ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இதுதான் என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. முதல் தவறு வெளிச்சத்தில் நடந்தது, உடனே பிடிபட்டது. இரண்டாவதை நான் துணிக்குள் வைத்துக் கட்டினேன்.

எண்ணெய் ஊற்றிய சடையில் தூசியும் பஞ்சும் அப்பிக்கொண்டு அரித்தது. அதை எடுத்தாக வேண்டும். சோப்பு என்று அப்போது கிடைத்தது சாம்பலும் செம்பனை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கட்டி. அதைப் போட்டால் தோல் வெடிக்கும், சடைக்குள்ளேயும் தங்கிவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம். அவர்களுக்கு மாரியம்மன் தெய்வம், பேச்செல்லாம் மலாய். அந்த வீட்டு அம்மாள்தான் நான் வேலைக்குப் போகும்போது மலரைப் பார்த்துக்கொண்டார். அவரை நான் 'காக்' என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. அவர் வீட்டு முற்றத்தில் லீமாவ் புரூட் மரம் இருந்தது. தோல் சுருங்கிய அந்த எலுமிச்சையை இங்கே தலை கழுவப் பயன்படுத்துவார்கள். நான்கு பழம் கேட்டு வாங்கிப்போய், வெந்நீரில் பிழிந்து, பவளத்தின் சடைகளைக் கழுவினேன். எண்ணெய் விட்டது. பவளம் முதல் முறையாகச் சிரித்தாள். "இப்பத்தான் தல தல மாதிரி இருக்கு" என்றாள்.

நான் கழுவியது மத்தியானத்துக்குப் பிறகு. டிரெஸர் வரும் நேரம் நெருங்கியது. ஈரத்தோடேயே துணியை இறுக்கிக் கட்டிவிட்டேன். அடுத்த நாள் அவிழ்த்துக் காயவைக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் புதிதாக ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் பவளம், "அரிக்குது மிஸி" என்றாள். நான் மறுபடியும் கழுவி, மறுபடியும் அவசரமாகக் கட்டினேன். இப்படி ஆறு நாள்.

ஏழாம் நாள் காலையில், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர முடியை அப்படியே கொண்டை போட்டபடி மலரைக் காக்கிடம் கொடுத்தேன். அவர் என் கொண்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பாசா லாகி. ஜாங்ஙான் சாங்குல்" என்றார். இன்னும் ஈரமாக இருக்கிறது, கொண்டை போடாதே என்று அர்த்தம். "உள்ள புழுங்கி நாறும். ஒனக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்று மலாயில் சேர்த்துக்கொண்டார். இதை அவர் தினமும் சொல்வார். நான் தினமும் சிரித்துவிட்டுப் போவேன். அன்று மட்டும் என் கால் நின்றுவிட்டது. என் மெல்லிய முடிக்கே அப்படி என்றால், மூன்று விரல் தடிமனுள்ள சடையின் வேர் ஆறு நாளாகத் துணிக்குள் எப்படி இருக்கும்?

வார்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். துணியை அவிழ்த்ததும் வாடை வந்தது. காதுக்கு மேலிருந்த இரண்டும் ஈரமாக இருந்தன, அவ்வளவுதான். பிடரிச் சடையைத் தூக்கினால் அதன் அடியில் தோல் சிவந்து, மெத்தென்று வீங்கி, விரல் பட்ட இடத்தில் சீழ் வந்தது. பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா வலிக்குது. சொன்னா வெட்டிருவீங்கன்னு சொல்லல" என்றாள்.

நான் டிரெஸரிடம் மறைத்தேன். அவள் என்னிடம் மறைத்தாள். இரண்டு பேரின் பயத்துக்கும் நடுவில் அந்தப் புண் வளர்ந்திருந்தது.

டிரெஸரிடம் போனேன். அவர் கொதிக்கவைத்த கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: வெட்டவில்லை, வெட்டியதாகச் சொன்னது பொய், எண்ணெய், துணி, புண். கடைசியில், "என் வேலை போயிரும்னு பயந்தேன்" என்றும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வெட்டலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வெட்டுன தலைக்கு அவ்வளவு பெரிய முண்டாசு வராது."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அது என் தப்பு. நான் கேட்டிருக்கணும்." அதன் பிறகுதான் குரல் உயர்ந்தது. "ஆனா ஒண்ணு மிஸி. நீ உத்தரவ மீறினதுல எனக்குக் கோவமில்ல. என்கிட்ட ஆச்சுன்னு சொன்ன பாரு, அதுல ஒரு புண்ணு ஆறு நாள் என் கண்ணுல படாமப் போச்சு. நாளைக்கு நீ மருந்து குடுத்தாச்சுன்னு சொன்னா நான் எப்படி நம்புவேன்?"

இதுவரை என்னை அறைந்த எந்தக் கையும் அவ்வளவு வலித்ததில்லை.

அவர் வந்து பார்த்தார். பிடரிச் சடையை எடுத்தால்தான் புண்ணைத் திறந்து கழுவ முடியும், விட்டால் சீழ் உள்ளே இறங்கும் என்றார். ஜப்பான் டாக்டர் பரிசோதனைக்கு வரப் பத்து நாள் இருந்தது. "மத்த ரெண்டும்?" என்று கேட்டேன். அவர் இரண்டு சடைகளின் வேரையும் விலக்கிப் பார்த்தார்.

"உத்தரவு எதுக்கு? பேனுக்கு. பேன் இல்லாத தலைய வெட்டச் சொல்லி உத்தரவு இல்ல. சுத்தி இருக்குற முடிய மழிச்சிரு. ரெண்டு சடையும் தனியா நிக்கட்டும். வேர்ல ஒரு ஈர் இல்லாம பத்து நாள்ல காட்டு. காட்ட முடிஞ்சா நான் பேசுறேன். முடியலன்னா நானே வெட்டுவேன்."

அவர் கன்னத்திலும் ஜப்பான் டாக்டரின் கை விழக்கூடும் என்பதை நான் அன்று யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

பவளத்திடம் சொல்வது என் பங்கு. பொய் சொல்லிச் சமாதானப்படுத்தலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இனி ஒன்றையும் துணிக்குள் வைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முழுதாகச் சொன்னேன். ஈரத்தோடு கட்டியது நான், அதனால்தான் புண், அது பிடரிச் சடையைத் தின்றுவிட்டது, இரண்டைக் காப்பாற்றப் பார்க்கிறோம், காப்பாற்றிவிடுவோம் என்று சொல்ல முடியாது.

அவள் பிடரிச் சடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மொதல்ல விழுந்தது அதுதான்" என்றாள்.

"தெரியும்."

"நான் வேணாம்னா?"

"வேணாம்னா வெட்ட மாட்டேன். ஆனா புண்ணு ஆறாது. காய்ச்சல் திரும்பும்."

"அவரு வரும்போது நான் இருக்கணும்ல." இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "வெட்டுங்க. கீழ விழக் கூடாது. மஞ்சத் துணியில வாங்குங்க" என்றாள்.

சடை மண்ணில் விழக் கூடாது என்பது நம்மவர் வழக்கம். கட்டுத்துணியில் ஒரு துண்டை மஞ்சள் நீரில் நனைத்துப் பிழிந்து இடது கையில் விரித்துக்கொண்டேன். நூறு தலையாவது வெட்டிய கை, அன்று கத்தரியை மூன்று முறை வைத்து எடுத்தது. வெட்டியதும் அதன் கனம் துணியில் விழுந்தது. பவளம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் வளரும் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அதன் பிறகு யாரிடமும் நான் சொன்னதில்லை.

அந்தப் பத்து நாளில் புதுச்சடையைப் பற்றி நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளும் நானும் தடவித் தடவிக் கண்டுபிடித்தது. கழுவுவது காலையில் மட்டும், வெயில் உறுதியாக வரும் நாளில் மட்டும். கழுவியதும் காய்ந்த துணியில் வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். முறுக்கக் கூடாது, புதுச்சடையின் வேர் அறுந்துவிடும். வேர் வரை காயாமல் எதையும் மூடக் கூடாது. வெளிப்புறம் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; சடையின் நடுவை இரண்டு விரலால் நசுக்கி, விரல் குளிர்கிறதா என்று பாருங்கள். வேரில் தளர்ந்திருக்கும் முடியை உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஒரே பக்கமாக உருட்டினால் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பேனுக்கு வேறு வழி. பழைய பள்ளிக்கூட அலமாரியில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. மழித்த தலையில் பேனுக்கு இடமில்லை. மிச்சமிருப்பது இரண்டு வேர்கள். தினமும் காலை வெயிலில் பவளத்தை வராந்தாவில் உட்காரவைத்து, வேர்முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்ப்பேன். முதல் நாள் பதினெட்டு ஈர்கள் எடுத்தேன். இரண்டாம் நாள் ஐந்து. காடியில் நனைத்த துணியால் வேரைத் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்ப்பேன். எல்லாம் போய்விட்டது என்று நினைத்த ஆறாம் நாள் ஒரு பேன் ஊர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றுதான் பவளம் பேசினாள். "என்ன மிஸி, ஒத்தப் பேனுக்கா அழுவுறீங்க? எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இதுக்குப் பேரு வச்சுக் கூப்பிடுவோம்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நசுக்கிவிட்டு முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். சில நாள் அவளே கண்ணாடியை வாங்கி என் தலையைப் பார்ப்பாள். "ஒங்க புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்னத்தான் திட்டுவீங்க" என்பாள். என் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் ஜப்பான் டாக்டர் வந்தார். எல்லோரும் குனிந்து நின்றோம். அவர் எதையும் வேகமாகப் பார்க்கிற ஆள். நான்கு கட்டில் தாண்டியதும் நின்றார். மழித்த தலையில் இரண்டு சடைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் யார் கண்ணுக்குத்தான் தப்பும்? மூடலாமா என்று காலையில் பவளம் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். அந்த நிமிஷத்தில் அந்த யோசனை சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் சடையைச் சுட்டிக்காட்டி டிரெஸரிடம் சத்தமாக ஏதோ கேட்டார். டிரெஸருக்கு ஜப்பான் மொழி அரைகுறைதான். குனிந்தபடி பதில் சொல்லத் தொடங்கினார். டாக்டர் அவரை முடிக்கவிடவில்லை. மலாயில், "சியாப்பா?" என்றார். யார்? யார் இப்படி விட்டது?

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். மலரின் முகம் மனதில் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "சாயா" என்றேன். நான்.

அறை விழும் என்று கண்ணை இறுக்கினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பவளம் கட்டிலிலிருந்து இறங்கியிருந்தாள். அவர் முன்னால் வந்து குனிந்து, வலப்பக்கச் சடையைத் தன் கையாலேயே தூக்கி, மறு கை விரல்களால் வேரை விலக்கிப் பிடித்தாள். நான் தினமும் செய்வதைப் போலவே, கொஞ்சம் கொஞ்சமாக. டிரெஸர் பூதக்கண்ணாடியை இரண்டு கையாலும் நீட்டினார். டாக்டர் அதை வாங்கவா வேண்டாமா என்று பார்த்தார். பிறகு வாங்கினார்.

"குத்து தாடா, துவான்" என்றேன். பேன் இல்லை, ஐயா.

அவர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பிடரியில் ஆறிவந்த புண்ணைப் பார்த்து, அதன் ஓரத்தை விரலால் அழுத்தினார். பவளம் அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கட்டிலில் போட்டுவிட்டு, டிரெஸரிடம் இரண்டு வார்த்தை சொல்லி, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் வண்டி போன பிறகு டிரெஸரிடம், "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"மூணு நாளைக்கு ஒருதடவ பாக்கணுமாம்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மத்தபடி, எனக்குப் புரியாதத நான் கேட்டுக்கல" என்றார்.

நான் செய்தது சரிதான் என்று இதை வைத்து நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். அன்று அவருக்கு வேறு மனநிலை இருந்திருந்தால் மூன்று பேரும் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. ஒரு பேன் மிஞ்சியிருந்தால்? மலருக்கு யார் அரிசி கொடுப்பார்கள்? இன்றும் சில சமயம் அதை நினைத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று மட்டும் தெரியும். வெளியே தெரிகிற தலையைத்தான் காப்பாற்ற முடிந்தது. மூடி வைத்த தலையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

பவளம் குணமாகித் தோட்டத்துக்குப் போனாள். மாதம் ஒரு முறை காய்கறியோ கீரையோ எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். வேரைப் பார்த்துக் கழுவி விடுவேன். சுற்றியிருந்த முடியும் வளர்ந்து, இரண்டு சடைகளும் தோளுக்கு வந்துவிட்டன. இனி உங்களிடம் வருவாள். வார்டு விதிப் புத்தகத்தில் முதல் நாளே வெட்ட வேண்டும் என்ற வரியை யாரும் இன்னும் அடிக்கவில்லை. அதைப் படித்துவிட்டு அவளை வரிசையில் நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவள் கடைசியாக வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வந்தாள். சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அவள் லயத்துக்கு வந்து சொன்னாராம். அவள் கணவன் போன முதல் மழைக்காலத்திலேயே பேதியில் இறந்துவிட்டான். அவள் இங்கே காய்ச்சலில் கிடந்தபோதே அவன் இல்லை. அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை; வராந்தாப் படியில் உட்கார்ந்து, வேறு யாருக்கோ நடந்ததைப்போல் சொன்னாள். நான்தான் அழுதேன். பிறகு எழுந்து உள்ளே போய், கத்தரியையும் மஞ்சள் நீரில் நனைத்த துணியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்காகத்தான் அப்படிச் செய்தேன். அவள் வாயால் கேட்கும் கஷ்டத்தை அவளுக்கு வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் கத்தரியைப் பார்த்தாள். "இது எதுக்கு மிஸி?"

"இல்ல... வேண்டுதல் அவரு வர்ற வரைக்கும்தானே..."

"லயத்துலயும் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எறக்கிரு, எறக்கிருன்னு. நீங்களுமா?"

"பின்ன எதுக்கும்மா வந்தே?"

"மழையில நனஞ்சுட்டேன். வாட வருது. கழுவிக்கலாம்னு வந்தேன்." இரண்டு சடைகளையும் முன்னால் இழுத்துவிட்டு, "அவரு போனப்புறம் என்கூட இருந்தது இது ரெண்டுதான். இத எதுக்கு நான் எறக்கணும்?" என்றாள்.

கத்தரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். இத்தனை எழுதிய எனக்கே, கேட்காமல் கையை நீட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை, பாருங்கள். வெந்நீர் வைத்து, பழம் பிழிந்து, அவளைக் குனியச் சொன்னேன். பிடரியில் அந்தத் தழும்பு தெரிந்தது. அங்கே முடி வளரவே இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்குள் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை. அவள் குனிந்திருந்ததால் கேட்டேன்.

"பவளம், நான் அன்னிக்கு அந்த ஒண்ண வெட்டினேனே, அதனாலதான் அவரு திரும்பலன்னு எப்பவாவது..."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க எங்க வெட்டுனீங்க? நான் வெட்டச் சொன்னேன்" என்றாள். "தண்ணி ஆறிப்போவுது மிஸி. ஊத்துங்க."

ஊற்றினேன்.